டாக்டரம்மா குறைத்த ஒன்பது மீட்டர்

ஆம்பூருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. நான் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுபவள். சில வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது கணவர் போன் செய்தார். வீட்டுக்கு வராத ஆட்டைத் தேடி மலையேறியிருந்தார். எறும்பு கடித்தாலே தெருவைக் கூட்டுகிற மனிதர், அன்று கிசுகிசுத்தார்.

"ஏய், சிறுத்தைடி. பாறை மேல மாட்டிக்கினேன்."

காட்டுப்பன்றிக்கு யாரோ வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தையின் இடுப்பு சிக்கியிருந்தது. உறுமலைக் கேட்டு இவர் பயந்துபோய்ப் பாறையில் ஏறிவிட்டார். இறங்க இருந்த ஒரே வழி சிறுத்தையைத் தாண்டித்தான். சுருக்கைக் கட்டியிருந்ததோ ஒரு புதரில். சிறுத்தை இழுக்க இழுக்கப் புதரின் வேர் ஆடுகிறது என்றார். உடனே வனத்துறைக்குச் சொன்னேன்.

வனத்துறைக்காரர்கள் வந்தார்கள். கூடவே மயக்க ஊசித் துப்பாக்கியோடு கால்நடை டாக்டர் ஒருவர். என் வயசுதான் இருக்கும், ஒல்லியான பெண். ஊர்க்காரர்களைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, கணவரிடம் போனில் பேசி அவரை அசையாமல் வைத்திருக்க என்னை மட்டும் சரிவுக்குக் கீழே இருந்த புளியமரம் வரை கூட்டிப்போனார்கள். அங்கிருந்து மலை கிடுகிடுவென்று ஏறுகிறது. மேலே சிறுத்தை. அதற்கும் மேலே, அதே நேரில், என் கணவர்.

குறி தவறினால் மறுபடி சுடும்வரை அந்தப் புதர் தாங்குமா தெரியாது. ஊசி கொஞ்சம் உயரமாகப் போனாலோ அவர் மேலேயே பாய்ந்துவிடும். சிறுத்தையைச் சாய்க்கிற மருந்து மனிதனை என்ன செய்யும் என்று கேட்கவே எனக்குத் தைரியம் இல்லை.

வனக்காவலர் ஒருவர் தூரம் பார்க்கும் கருவியைக் கண்ணில் வைத்து, முப்பது மீட்டர் என்றார். டாக்டர் தன் போனைச் சாய்த்துப் பிடித்து ஏற்றம் எத்தனை டிகிரி என்று பார்த்தார். மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு, "இருபத்தொன்னு" என்று சொல்லிக்கொண்டே துப்பாக்கியில் தூரத்துக்கேற்ப வைக்கும் காற்றழுத்தத்தைக் குறைத்துத் திருகினார்.

எங்கள் வேலையில் கால் வடிவத்தில் இருக்கும் அச்சின் மேல் டேப்பை ஒட்டி, மேடு பள்ளத்தையும் சேர்த்துத்தான் அளப்போம். மேட்டை விட்டுவிட்டால் தோல் பத்தாது, ஷூ காலைக் கடிக்கும். அந்தப் புத்தி சும்மா இருக்குமா?

"இன்னா மேடம், முப்பதுன்னு சொன்னாரே. மேட்டுக்கு ஜாஸ்தி இல்ல வெக்கணும், கம்மி பண்றீங்களே" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அங்கருந்து இங்க வரைக்கும் ஒரு கயிறு கட்டுனா முப்பதும்மா. உச்சி வெயில்ல அந்தக் கயிறோட நிழல் சமதரையில எவ்ளோ நீளம் விழும்? இருபத்தொன்னுதான். அவ்ளோ தூரத்துக்கு எவ்ளோ எறங்குமோ, ஊசி அவ்ளோதான் கீழ எறங்கும். முப்பதுக்கு வெச்சா சிறுத்தைக்கு மேல போய்டும். மேல யார் இருக்காருன்னு பாருங்க."

பார்த்தேன். போனில், "அசையாதீங்க, பாறையோட ஒட்டிப் படுங்க" என்று மட்டும் சொன்னேன்.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. புஸ்ஸென்று காற்று வந்தது, அவ்வளவுதான். சிறுத்தையின் தொடையில் ஊசியின் வால் குஞ்சம் சிவப்பாக ஆடியது. அது ஒரே ஒரு முறை துள்ளியது. புதர் தாங்கியது. அதன் பிறகு காத்திருந்த நேரத்தில் எந்தச் சாமியைக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் அது மோவாயை முன்னங்கால் மேல் வைத்துப் படுத்துக்கொண்டது.

அதன் கண்ணைக் கட்டத் துணி கேட்டார்கள். துப்பட்டாவை எடுத்துக்கொண்டு நானே ஏறினேன். மஞ்சள் ரோமம் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தினமும் தோலைத் தொட்டுப் பிழைப்பவள் நான். உயிர் உள்ளே இருக்கும்போது தோல் எவ்வளவு அழகு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பக்கத்தில் டாக்டர், ஒன்றுமே நடக்காத மாதிரி கம்பியை வெட்டிக்கொண்டிருந்தார்.

பாறையிலிருந்து இறங்கிய என் கணவர் முதலில் கேட்டது, "ஆடு வந்துடுச்சா?" என்றுதான். அழுதுகொண்டே சிரித்தேன்.

இன்றும் சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால், கூட்ட வேண்டாமா என்று நான் கேட்ட இடத்தில் அந்தப் பெண் தைரியமாகக் குறைத்த ஒன்பது மீட்டரில்தான் என் குடும்பம் நிற்கிறது என்று தோன்றும்.