டீச்சர் வாசல் மண்

அன்று அம்மாவும் காய்ச்சலோடு நானும் இருந்தோம்; அப்பா கத்தாரில் இருந்தார்.

வியட்நாமின் சைகோன் நகரத்தில் நான் இப்போது தங்கியிருக்கும் அமைதியான சந்தில், பக்கத்து வீட்டம்மா வாசலில் எதையோ கொளுத்த, யாருக்கு என்ன வைக்கிறாளோ என்று ஜன்னலைச் சாத்தியபோதுதான், மிளகாய் கருகும் நெடியில் அந்தப் புதுக்கோட்டைத் தெரு திரும்ப வந்தது: பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஹாரன் சத்தம் தேய்ந்து வந்து விழுகிற, பகலிலும் கேட்டுகள் பூட்டியிருக்க, ஜன்னல் திரைகள் மட்டும் அசைகிற தெரு. என் படிப்புக்காகவே வல்லத்திராக்கோட்டையிலிருந்து அங்கே குடிவந்திருந்தோம்.

திருஷ்டி சுற்ற மிளகாய், உப்போடு தெருமண்ணும் வேண்டும். ஊரில் எங்கும் அள்ளலாம். இங்கே எல்லா வாசலும் சிமென்ட். எதிர்வீட்டு டீச்சர் வாசலில் மட்டும் மண் இருந்தது. அம்மா குனிந்து அள்ளினாள். திரை விலகியது.

“எங்க காலடி மண்ண எடுத்து யாருக்குடி செய்வினை வைக்கப் போற?”

“ஐயோ, புள்ளைக்குச் சுத்திப்போடத்தாங்க டீச்சர்!”

டீச்சர் நம்பவில்லை. எங்களைக் குடிவைத்த வீட்டுக்காரரிடம், “மந்திரக்காரியவா குடிவச்சிருக்கீங்க?” என்றார். அந்த வாரமே காலி செய்து, பள்ளிக்கூடத்தையும் விட்டு ஊர் திரும்பினோம். அந்தத் தெரு இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை.

டீச்சர் வாசலுக்கும் சிமென்ட் பூச வேண்டுமென்று வீட்டுக்காரர் எங்கள் அட்வான்ஸில் பிடித்துக்கொண்டது ஆயிரத்து இருநூறு ரூபாய்.