நிலக்கரி ஊரில் சம்பந்தி வீடு

மகள் கட்டப்போகிற டெனிஷ் பொடியனின் ஊர் போர்ன்ஹோம் தீவில், கடற்கரையோரம். ஒரு காலத்தில் நிலக்கரி தோண்டிய இடம். சம்பந்தி வீட்டுக்கு நானும் கணவரும் முதல்முறையாகப் போக, மகளையும் கூட்டிக்கொண்டு நாங்கள் இருக்கிற கோல்டிங்கிலிருந்து விடியவே வெளிக்கிட்டோம். ஊர் பார்க்கப் போகிறோம் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: அந்த வீட்டில் என் ஒற்றைப் பிள்ளையை வயிறு பார்த்துக் கவனிப்பார்களா? கணவரிடம் சொன்னால் சிரிப்பார். சிரிக்கட்டும்.

வாசலில் கை கொடுத்து, எங்கள் கோட்டுகளை வாங்கி மாட்டி, நல்லபடிதான் வரவேற்றார்கள். மேசையில் புகையில் வாட்டிய ஹெரிங் மீன், கறுப்புப் பாண், அவித்த முட்டை. சாப்பிடுகிறீர்களா என்று சம்பந்தியம்மா கேட்டார். கேட்டவுடன் பாய்ந்து விழ நாங்கள் என்ன காணாததைக் கண்டவர்களா? "வேண்டாம், கப்பலில் சாப்பிட்டோம்" என்று டெனிஷில் சொன்னேன். எங்கள் ஆட்கள் என்றால் அதற்குப் பிறகுதான் உபசாரமே தொடங்கும். அவரோ தலையாட்டிவிட்டு மீனைத் தூக்கிக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஐயோ!

பிறகு சம்பந்தி ஐயா எங்களைப் பழைய கரிக்குழிக்குக் கூட்டிப்போனார். இப்போது அது குளம். அவருடைய பாட்டனார் அங்கே கரி வெட்டினவராம். இடம் அழகுதான், ஆனால் கடற்காற்று பசியைக் கிளப்பிவிட்டது.

"உமக்கு வேண்டாமெண்டால் எனக்கும் வேண்டாமோ?" கணவர் என் காதுக்குள் சீறினார்.

"ரெண்டாந்தரம் கேப்பா எண்டு நினைச்சன். சத்தம் போடாதேங்கோ."

பின்னால் வந்த மகளுக்குக் கேட்டுவிட்டது. வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் சம்பந்தியம்மாவிடம் போட்டு உடைத்தாள்: முதல்தரம் மறுப்பது எங்களுக்கு மரியாதை, திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்று. எனக்கு மானம் போயிற்று.

சம்பந்தியம்மா வாயில் கை வைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்த புதிதில் மகளும் இப்படித்தான் வேண்டாம் என்றுவிட்டுப் பின்னேரம் பசியில் சுருண்டு கிடந்தாளாம். அன்றிலிருந்து அவளிடம் கேட்பதே இல்லையாம், தட்டில் வைத்துவிடுவாராம். அது அவளுடைய குணம் என்று நினைத்தாராம். எங்கள் வீட்டுப் பழக்கம் என்று தெரியாமல் போயிற்றாம்.

சொல்லிக்கொண்டே மீனைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்து, முள்ளெடுத்து மகளுக்கு முன்னால் வைத்தார். அவள் போதும் என்றாள். அவர் காதில் வாங்காமல் இன்னொரு துண்டு வைத்தார். பிள்ளை அதையும் சாப்பிட்டாள்.

"என்னப்பா, அழுறீரோ?" என்றார் கணவர்.

"ஓம். சந்தோசத்தில அழுறன். நீங்கள் சாப்பிடுங்கோ."