மேசைக்கு வந்த இதய நோய்

முதலில் இதய நோய் வந்தது ஒரு மேசைக்குத்தான். வைகைக்கு வடகரையில் ஒரு மருத்துவமனை அறை. பச்சை ரெக்சின் ஒட்டிய மேசை. மடிக்கணினியோடு இணைத்த எலெக்ட்ரானிக் ஸ்டெதாஸ்கோப்பை ஒரு குழந்தையின் நெஞ்சில் வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தோம். குழந்தை மூத்திரம் வருகிறதென்று அடம்பிடிக்க, தாய் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அக்கா ஸ்டெதாஸ்கோப்பை மேசைமேல் வைத்தார். கணினி தன்பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் திரையில் சிவப்பு எழுத்து வந்தது: 'நோய்க்குறி உண்டு'. கூட இருந்த டாக்டரம்மா சிரித்துவிட்டு, மேசையை அட்மிட் பண்ணிவிடலாமா என்று கேட்டார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துச் சுவரில் வைத்தார், நாற்காலியில் வைத்தார், கடைசியில் என் நெஞ்சில் வைத்தார். எல்லாருக்கும் நோய் என்றது கணினி.

அக்கா என்று நான் சொல்வது, ஒரே ஆய்வுக்கூடத்தில் என்னோடு முனைவர் பட்டத்துக்கு உழைத்தவரை. மிஷன் பள்ளி வாத்தியார் வீட்டுப் பெண். செல்லூரில் வாடகை வீடு, ஒரே மகள், வெளியூரில் வேலை பார்க்கும் கணவர். நான் எப்போதும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நிற்கிற ஆள், அவர் நிதானம். குழந்தைகளின் இதய ஒலியைக் கேட்டு, நோய் இருக்கிறதா இல்லையா என்று கணினியையே சொல்ல வைப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்குக் கெர்னல் என்கிற கணித வழியை எடுத்துக்கொண்டார். புதிதாக வருகிறவர்கள் அந்தச் சூத்திரத்தைப் பார்த்து மிரண்டால், "அது ஒண்ணுமில்ல தம்பி, சாயல் பாக்குறதுதான்" என்பார். பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் மூக்கு அப்பனைப் போல, நெற்றி அத்தையைப் போல என்பார்களே, அதைத்தான் கெர்னலும் செய்கிறது. இரண்டு ஒலிகள் எந்த அளவு ஒன்றுபோல இருக்கின்றன என்று ஓர் எண்ணைச் சொல்லும். நோயுள்ள குழந்தைகள் ஒரு கூட்டம், நோயில்லாதவர்கள் ஒரு கூட்டம் என்று முதலில் காட்டிவிட்டால், புதிதாக வரும் ஒலிக்கு எந்தக் கூட்டத்தின் சாயல் என்று பார்த்துக் கணினி தீர்ப்புச் சொல்லிவிடும். நோய் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

நோயுள்ள குழந்தைகளை அக்கா அந்த மருத்துவமனை அறையில் பதிவு செய்திருந்தார். அங்கே ஏசி ஒன்று ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். நோயில்லாதவர்களைத் திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளி வகுப்பறையில் பதிவு செய்தார். தன் மகளையும் கூட்டிப்போய் அந்த வரிசையில் உட்கார வைத்தார். கணினி பிடித்துக்கொண்டது ஏசியின் சாயலை. ஒரே நிறச் சட்டை போட்டவர்களையெல்லாம் அண்ணன் தம்பி என்று சொன்ன கதைதான். அந்த முனகலும் நோயுள்ள இதயத்தின் முணுமுணுப்பும் ஏறக்குறைய ஒரே சுருதியில் இருப்பதால், ஒன்றை வெட்டி எறிந்தால் மற்றதிலும் பாதி போய்விடும். முடிவுகள் பிழையே இல்லாமல் வந்திருந்தன. மாநாட்டில் கைதட்டினார்கள். தானமாக வந்த மாட்டை யார் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்?

அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அக்கா தற்காலிகமாக வேலை பார்த்த கல்லூரியில், ஜூனுக்குள் பட்டம் கையில் இருந்தால் நிரந்தரப் பணி என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் கெட்டவர் அல்லர். அக்கா எப்படியாவது கரையேற வேண்டும் என்ற கவலை அவருக்கு. இப்போதைக்குக் கொடுத்துவிடுங்கள், கடைசி அத்தியாயத்தில் இதை ஒரு குறையாக எழுதிக்கொள்ளலாம் என்றார். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. அக்கா தலையைக் குனிந்தபடி ஒன்றே ஒன்று கேட்டார்.

"சார், நாளைக்கு யாராச்சும் இதை ஒரு பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் வச்சா, நோய் இருக்கிற புள்ளையையும் நல்லா இருக்குன்னுல்ல சொல்லும்?"

அக்கா முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இந்த முறை இரண்டு வகைக் குழந்தைகளையும் அதே அறையில், அதே ஏசிக்குக் கீழே பதிவு செய்ய வேண்டும். தாய்மார்கள் சம்மதிக்கவில்லை. நல்லா இருக்கிற பிள்ளையை எதற்கு ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து படுக்கப்போட வேண்டும் என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அக்கா தன் மகளை முதல் ஆளாகப் படுக்க வைத்துக் காட்டிய பிறகுதான் ஒவ்வொருவராக வந்தார்கள். மாதங்கள் ஓடின. நான் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டு, எம்புட்டு ஆச்சு, எம்புட்டு ஆச்சு என்று நச்சரித்தேன். ஜூன் வந்தது, அந்தப் பணி வேறொருவருக்குப் போனது. அன்று அக்கா எப்போதும்போல மதியச் சாப்பாட்டைப் பிரித்து உட்கார்ந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்மேல்தான் கோபம். அது இன்னும் முழுதாக ஆறவில்லை.

புதுக் கணக்கு பழையதைப் போலப் பளபளக்கவில்லை. ஏசி எல்லாருக்கும் பொதுவாகிவிட்டதால், கணினி இதயத்தைக் கேட்டே தீர வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு அடிக்கடி தடுமாறியது. முன்கூட்டிக் காட்டாத ஒலிகளைக் கொடுத்துச் சோதித்தபோது, அவற்றில் ஒன்று அக்காவின் மகளுடையது; அவளுக்கு நோய் என்றது.

தப்பாகத்தான் இருக்கும் என்றார் சார். நானும் அதையே சொன்னேன். அக்காவும் தலையாட்டினார். ஆனால் இதயத்தைக் கேட்கும்படி அதைப் பழக்கியவரே அவர்தான், அதனால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்க நாள் கிடைக்கும் வரை அவர் ஒரு வரி எழுதவில்லை. மகள் மாடிப்படி ஏறினால் நின்று மூச்சைக் கவனித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்து போனார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. நிதானம் என் பக்கம் வந்து சேரும் என்று பார்த்தால் அதுவும் வரவில்லை. இரண்டு பேரும் தவித்தோம். எக்கோவில் குறை ஒன்றுமில்லை. வளர்கிற பிள்ளைகள் சிலருக்குக் கேட்கும் கெடுதலில்லாத சத்தம்தான் என்றார் டாக்டரம்மா. அக்கா வராந்தாவில் உட்கார்ந்து ஓசையில்லாமல் அழுதார். பிறகு மகளுக்குப் பால்பன் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது நானும் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அக்கா வேறொரு கல்லூரியில் வெகு தாமதமாக நிரந்தரமானார். என் மாணவர்கள் பிழையே இல்லாத முடிவைச் சிரித்த முகத்தோடு கொண்டுவந்து காட்டும்போது எனக்குப் பயம்தான் வருகிறது. பாராட்டத் தோன்றுவதில்லை. எங்கே பதிவு செய்தாய், பக்கத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று குடைகிறேன். அவர்களுக்கு என்னைப் பிடிப்பதில்லை. அவர்களிடம் அக்காவின் வைவா என்கிற வாய்மொழித் தேர்வைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். ஆரம்பித்துப் பாதியில் பாடத்துக்குத் திரும்பிவிடுவேன்.

அந்த வைவாவுக்கு மகளும் வந்து கடைசி வரிசையில் கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், மாநாட்டில் காட்டிய முடிவை விட ஆய்வேட்டில் முடிவு மோசமாக இருக்கிறதே, இதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். தவறிப்போன தீர்ப்புகளில் ஒன்றைச் சுட்டி, இது தவறு என்று எப்படி உறுதியாகத் தெரியும் என்றும் கேட்டார். அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த அக்கா தமிழுக்கு மாறினார்.

"அது என் மக சார். எக்கோ எடுத்துப் பாத்துட்டோம். பழசு இவ நல்லா இருக்கான்னு சரியாத்தான் சொல்லுச்சு, ஆனா இவ நெஞ்ச அது கேக்கவே இல்ல. புதுசு தப்பாச் சொல்லுச்சு. கேட்டுட்டுச் சொல்லுச்சு சார்."