மந்திரித்த தாலி

கம்பம் போகும் வழியில், நான் பிறந்த ஊரில் இறங்குகிறேன். மாதா கோயிலில் கல்யாணம். நெற்றியில் விபூதி பூசிய மாப்பிள்ளையிடம் வெள்ளை அங்கி போட்ட சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுக்கிறார்.

வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கும் பெண்ணிடம் கேட்கிறேன்: "மாப்பிள்ளை வேதத்துல சேந்துட்டாரா?"

"இல்லத்தா, இந்துதான். சாமியாரே மேலெடத்துல எழுதி அனுமதி வாங்கிக் குடுத்தாக. உள்ள வாங்க, எதுக்கு இங்கன முறைச்சுக்கிட்டு நிக்கிறீக?"

நான் இந்துப் பையனைக் கட்டியபோது, "கல்யாணத்துக்குப் போனால் உனக்கு நற்கருணை அப்பம் கிடையாது" என்று அன்றைய சாமியார் என் அம்மாவைத் தடுத்தார். இதே கோயிலில் என்னை மடியில் வைத்து ஜெபமாலை சொன்னவள், வரவில்லை. இப்போது உயிரோடும் இல்லை.

முதல் வரிசையில் மணப்பெண்ணின் அம்மா பட்டுச்சேலையில் உட்கார்ந்து நிம்மதியாகக் கொட்டாவி விடுகிறாள். அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.