இடக் கன்னத்தில் மூன்று கோடு

மெம்ஃபிஸில் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் எர்னஸ்டீன் மோஸ்பி. ஐம்பது வானரங்களை ஒற்றைப் பார்வையில் உட்கார வைப்பார். கேமராவைக் கண்டால் மட்டும் ஆள் மாயம்.

எல்லாம் அந்த இடக் கன்னத்தால். ஜன்னல் வெயில் அந்தப் பக்கத்தையே சுட்டுச் சுட்டு, உள்ளங்கை அகலத்துக்குக் கருந்திட்டு விழுந்துவிட்டது. "கறுப்புத் தோலை வெயில் என்ன செஞ்சிடும்?" என்று சிரித்தவர்தான் அவரும். அப்புறம் திட்டை வெளுக்க ஏதோ க்ரீம் பூசினார். முதலில் லேசாகக் குறுகுறுத்தது. மறுநாள் தோல் வெந்து, திட்டு இன்னும் கறுத்தது. ஆறு வருடமாக எந்தப் படத்திலும் அவர் இல்லை. வீட்டுச் சுவரைப் பார்த்தால் மகன் ஜார்விஸைத் தாயில்லாப் பிள்ளை என்றுதான் நினைக்கத் தோன்றும்.

நாளை மறுநாள் ஜார்விஸுக்குக் கல்யாணம். வெட்டவெளியில், உச்சி வெயிலில். "நீ பக்கத்துல நிக்கலேன்னா ஃபோட்டோவே வேணாம்மா" என்று சொல்லிவிட்டான்.

அதனால்தான் மதியம் ஒரு மணிக்கு அழகுசாமான் கடையில் நின்றார். இரண்டு மணிக்குப் பேருந்தை எடுக்க வேண்டும். கை தானாக வெளுக்கும் க்ரீம் பக்கம் போனது. கடைக்காரி வொனெட்டா, சர்ச் பாட்டுக் குழுவில் அவர் பக்கத்தில் நின்று பாடுகிறவள், மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பட்டும் புத்தி வரலையாடி? டாக்டர் என்ன சொன்னாரு?"

"வாசனை இல்லாத சன்ஸ்கிரீன். ஆனா அது பூசினா சாம்பல் பூத்துடுதே!"

"எல்லாம் பூக்காது. உட்காரு."

மூன்று சன்ஸ்கிரீன்களைத் தாடையோரம் மூன்று கோடாக இழுத்தாள் வொனெட்டா. விளக்கை அணைத்து, ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுத்தாள். கண்ணாடியில் தெரியாத வெள்ளை ஃப்ளாஷில் பல்லிளிக்கும்.

"முதல் கோடு, சோளமாவுல புரட்டின கெளுத்தி மீன். ரெண்டாவது, நேத்து செத்த கெளுத்தி மீன்."

"மூணாவது?"

"மூணாவதைக் காணோமே!"

பழுப்பு நிறம் கலந்த அது தோலோடு தோலாகப் போயிருந்தது. எர்னஸ்டீன் சிரிக்க வாய் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. தாடையில் குறுகுறுப்பு. அன்றும் இப்படித்தான் தொடங்கியது.

"எரியுதா, அரிக்குதா?"

"தெரியலடி. தொடாத."

கடிகார முள் நகர மாட்டேன் என்றது. ஐந்து நிமிடம். குறுகுறுப்பு நிற்கவில்லை. கண்ணாடியைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் எர்னஸ்டீன் கண்ணை மூடிக்கொண்டார். "கல்யாணத்துக்கு வருவேன். படத்துல நிக்க மாட்டேன். அவன்கிட்ட நீயே சொல்லிடு."

வொனெட்டா குனிந்து பார்த்தாள். இரண்டு விரலால் எதையோ பிடுங்கினாள்.

"உன் விக் முடிடி, கழுதை! க்ரீம்ல ஒட்டிக்கிட்டு ஆடுது."

தோலில் ஒரு தடிப்பும் இல்லை.

"ஆனா துள்ளாத. நாளைக்கு இதே நேரம் வரைக்கும் மூணாவது கோடு இருக்கட்டும். அதுவரைக்கும் தோல் சும்மா இருந்தாத்தான் முகம் முழுக்கப் பூசலாம்." மற்ற இரண்டையும் துடைத்தாள். "இந்தக் கண்றாவிப் படத்தை அழிச்சிடவா?"

எர்னஸ்டீன் யோசித்தார். "வேணாம். ஜார்விஸுக்கு அனுப்பு."

இப்போது சுவரில் இரண்டு படம் இருக்கிறது. ஒன்றில் தாடையில் இரண்டு வெள்ளைக் கோடுகளோடு முறைக்கிறார். இன்னொன்றில் மகனை ஒட்டி நிற்கிறார், இடக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு.