மூன்று பலகை, ஒரு தொட்டி

பாம்பனில் படகுகளுக்கு டீசல் போடும் பங்க்கில் மூன்று பலகைகளைப் பார்த்துவிட்டேன். நான் எழுத்தராகச் சேர்ந்தபோது வெள்ளைக்காரக் கம்பெனியின் பலகை. இரண்டாம் வருடம் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. அரசாங்கப் பலகையின் கீழ் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பிறகு அரசாங்கமே இந்தப் பங்க்கைத் தனியாருக்கு விற்றது. இப்போது விளக்கெரியும் பலகை. மண்ணுக்கடியில் இருப்பது மட்டும் நாங்கள் புதைத்த அதே தொட்டி.

என் கவலை அந்தத் தொட்டிதான். மழை பெய்தால் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கும். எங்கள் காலத்தில் முதல் படகுக்கு ஊற்றுமுன், பித்தளைக் கோலின் நுனியில் பசை தடவி உள்ளே விடுவோம். அடியில் தண்ணீர் நின்றால் பசை சிவக்கும். புதியவர்கள் கோலைப் பரணில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கிறார்கள்.

இந்தக் கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் விடிகாலை ஐந்தே முக்காலுக்குப் போய், பம்புக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மேலாளர் என்னிடம் பதினொரு வருடம் வேலை பார்த்தவர். "சார், திரையில தண்ணி சைபர்னு காட்டுது. எந்திரிங்க."

"திரையை யாரு சரிபார்த்தா? கோலை எடுப்பா."

ஒன்பது கேன்களோடு நின்ற படகுக்காரர் கத்தினார். "பெருசு வீட்டுல ஒறக்கம் வரலைன்னு இங்கன வந்து உக்காந்திருக்கு! ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் கடலுக்கு அனுமதி. இன்னைக்கு விட்டா நாளான்னைக்குத்தான்!"

"டீசல்ல தண்ணி கலந்து நடுக்கடல்ல இஞ்சின் நின்னா எங்கன போவே? நீரோட்டம் எல்லைக்கு அங்கிட்டுத் தள்ளிரும்."

படகுக்காரர் கையிலிருந்த கேனைக் கீழே வைத்தார். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அவருடைய தம்பி இலங்கைச் சிறையில் இருந்தது எண்பத்தேழு நாள். நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாற்பது நிமிடம் நான் எழவில்லை; கடைசியில் மேலாளரே பரணிலிருந்து கோலை எடுத்துப் பசை தடவித் தொட்டிக்குள் விட்டார். பசை ஏழு சென்டிமீட்டர் சிவந்திருந்தது. ஐந்தைத் தாண்டினால் விற்பனையை நிறுத்த வேண்டும் என்பது எங்கள் விதி; மேலாளருக்கும் அது மறக்கவில்லை. பம்பை அணைத்தார்.

படகுக்காரருக்கு அன்றைய கடல் போயிற்று. கேன்களை உதைத்தார், என்னைத் திட்டினார். தெருமுனை வரை போனவர் திரும்பி நின்றார்.

"நாளான்னைக்கும் வருவீகளா?"

"அஞ்சே முக்காலுக்கு வாரேன்."

கோலை மறுபடி பரணில் ஏற்ற நான் விடவில்லை. திரைக்குப் பக்கத்தில் பழைய ஆணி இன்னும் இருந்தது, அதில் மாட்டினேன். பசை டப்பாவில் கால்வாசிதான் மிச்சம், மழை முடியும்வரை காணாது. ராமநாதபுரத்தில் கிடைக்காவிட்டால் மதுரைக்குப் போய் வாங்கி வருவேன்.