மாப்பிள்ளை வண்டியும் வெள்ளைப் புகையும்: கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வாரம்

மேகமலை, சுருளி அருவி, திராட்சைத் தோட்டம் என்று எழுதத்தான் கிளம்பினேன். எழுதப்போவது என் வண்டியைப் பற்றி. குளிர்காலத்தில் பழைய டீசல் வண்டியை எடுத்துக்கொண்டு தேனிப் பக்கம் போகத் திட்டமிடுபவர்கள் பொறுமையாகப் படிக்கவும். எனக்குத்தான் அந்தப் பொறுமை இல்லாமல் போயிற்று.

போன மார்கழியில் ஒரு வாரம் விடுப்பு கிடைத்தது. மனைவி பூங்கொடியின் சொந்த ஊர் உத்தமபாளையத்துக்கு அடுத்த அனுமந்தன்பட்டி. நாங்கள் இருக்கும் ஈரோட்டிலிருந்து கரூர், திண்டுக்கல், தேனி வழியாக ஏறத்தாழ 250 கிலோமீட்டர். ஊர் சுற்றுவது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவளுடைய தங்கை அபிராமிக்கு ஞாயிற்றுக்கிழமை மதுரையில் அரசு வேலைக்கான தேர்வு. அவள் எழுதுவது இது மூன்றாவது முறை. இந்தத் தடவையும் போய்விட்டால் புத்தகங்களை மூட்டை கட்டிவிட்டு மாப்பிள்ளை பார்ப்பது என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். "நான் பஸ்ஸுலயே போயிக்கிறேன்" என்று அவள் போனில் சொன்னாள். "வண்டி வாசலில் நிக்கறப்ப பஸ் எதுக்கு?" என்று நானும் என் மாமனாரும் அவள் வாயை அடைத்துவிட்டோம்.

வண்டிக்குப் பன்னிரண்டு வயது. நவம்பரிலிருந்தே காலையில் கொஞ்சம் அடம்பிடித்தது. ஈரோட்டில் காட்டியதற்கு, பேட்டரி என்றார்கள். 6,500 ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டேன். அடுத்த நாள் ஸ்டார்ட் ஆயிற்று. அன்று வெயில் அடித்தது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சின்னமனூரில் திரும்பி நேராக மேகமலை ஏறினோம். தேயிலை, ஏரி, மேகம் எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. மறுநாள் காலை ஆறரைக்குச் சாவியைத் திருப்பினேன். டீசல் எஞ்சின் உள்ளே சூடேறிவிட்டதைக் காட்டும் காயில் விளக்கு எரிந்தது, அணைந்தது. செல்ஃப் அடித்தேன். புது பேட்டரி ஆயிற்றே, எஞ்சின் நன்றாகச் சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை. சுற்றிச் சுற்றிப் பேட்டரியும் களைத்துவிட்டது. தங்கும் விடுதியில் வேலை பார்ப்பவர் பின்னால் நின்று பார்த்தார்.

"புகை வருதாண்ணா?" என்று கேட்டேன்.

"பனியா புகையான்னு தெரியலையே சார். எல்லாமே வெள்ளையாத்தேன் இருக்கு."

கடைசியில் இறக்கத்தில் உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டு உயிர் கொடுத்தோம். எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். மலைப்பாதையில் அப்படி உருட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சின்னமனூரில் ஒரு மெக்கானிக். நல்ல மனிதர், ஆனால் நான் பாதி சொல்வதற்குள் அவர் முடிவுக்கு வந்துவிட்டார். டீசல் ஃபில்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறதாம். மாற்றினார். கிளம்பும்போது ஒன்று சொன்னார், அதற்காக மட்டும் அவரை மன்னிக்கிறேன். "நாளைக்குக் காலையில எஞ்சின் ஜில்லுன்னு இருக்கையில ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார். அதுக்கு முன்னாடி யாரும் வண்டியைத் தொட்டுறக் கூடாது. பின்னாடி ஒரு ஆளை நிப்பாட்டுங்க. சுத்தையில புகையே வரலைன்னா டீசல் வரல. வெள்ளப் புகை வந்தா டீசல் வருது, சூடு இல்லைன்னு அர்த்தம். அப்ப ஹீட்டர் பிளக்கத்தேன் பாக்கணும்."

குளிர்ந்த டீசல் எஞ்சினைப் பிடிக்க வைக்க, உள்ளே சிறு கம்பிபோல் சூடேறும் சாமான்தான் ஹீட்டர் பிளக். நான்கு சிலிண்டருக்கு நான்கு. அவை செத்துப்போனாலும் முன்னால் இருக்கும் காயில் விளக்கு மட்டும் வெட்கமில்லாமல் எரிந்து அணையும்.

புதன் மாலை அனுமந்தன்பட்டி. என் மாமனாருக்குத் திராட்சைத் தோட்டம், டிராக்டர், ஊரில் நல்ல பெயர். இரவுச் சாப்பாட்டின்போது மலைமேல் நடந்ததைச் சொன்னேன். காலையில் வண்டியைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"காலையில பாத்துக்கிருவோம் மாப்பிள்ளை. நீங்க அசந்து தூங்குங்க. சாவி அந்த ஆணியிலயே தொங்கட்டும்."

வியாழக்கிழமை ஏழு மணிக்குப் போய்ச் சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்று. பிடித்துக்கொண்டது! வெள்ளி, அப்படியே. சனி, அப்படியே. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "நாந்தேன் சொன்னேன்ல, ஃபில்டரு" என்றார். எனக்கும் பெருமைதான். சுருளி அருவிக்கும் வீரபாண்டிக் கோயிலுக்கும் போய்வந்தோம். பின் கண்ணாடியில் தூசிக்கு நடுவே நிறைய உள்ளங்கைத் தடங்கள் இருந்தன. தெருப் பிள்ளைகள் விளையாடியிருக்கும் என்று துடைத்தேன். மறுநாளும் இருந்தன. மறுநாளும் துடைத்தேன். டீசல் முள் சற்று வேகமாக இறங்குவதுபோலவும் தோன்றியது. ஏதோ ஒன்று சரியானால் வேறொன்று கெடும் ராசி எனக்கு என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு. தேர்வு மையத்தின் கதவை எட்டரைக்கு மூடிவிடுவார்கள். அதற்குப்பின் யார் அழுதாலும் திறக்கமாட்டார்கள். மதுரை நூற்றைந்து கிலோமீட்டர். ஐந்து மணிக்கு நானே எழுந்து வண்டியில் உட்கார்ந்தேன். அபிராமி நுழைவுச்சீட்டும் தண்ணீர் பாட்டிலுமாகக் குளித்து முடித்துத் தயாராக நின்றாள். கோயில் மைக்கில் பாட்டு. நல்ல குளிர்.

சாவியைத் திருப்பினேன். சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி. பிடிக்கவில்லை. மறுபடி.

"மாமா" என்றாள் அபிராமி பின்னாலிருந்து. "வெள்ளப் புகையா வருது. டீசல் நாத்தம்."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. நான்கு நாளாக நான் பார்த்திருக்கவேண்டிய புகை, பார்க்கவே கூடாத நாளில் வந்து நிற்கிறது. ஹீட்டர் பிளக் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? ஞாயிறு விடியலில் எந்தக் கடை திறந்திருக்கும்?

மாமனார் துண்டை உதறிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். வண்டியைப் பார்க்கவில்லை. தெருமுனையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"அடடா, இன்னிக்கு ஞாயித்துக்கெழமைல்ல" என்று முணுமுணுத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மனிதர் அதற்குள் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அபிராமி கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பெண்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். சிலர் கையில் கோலமாவு. இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து தினமும் விடியலில் ஜீப் ஏறி, மலைமேல் கேரளப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை. முன்னால் வந்தவர் பேச்சியம்மாள், எதிர் வீடு.

"வாரம் பூராத் தள்ளுறது பத்தாதுன்னு ஞாயித்துக்கெழமையுமா?" என்றார் அவர். "ஏ மாப்ள, இந்த வண்டிய எடைக்குப் போட்டா என்ன?"

"வாரம் பூராவா?" என்றேன்.

"பெறகு? வியாழக்கெழமையிலருந்து தெனம் அஞ்சு மணிக்கு நாங்கதேன் தள்ளி விடுறோம். ஒங்க மாமா ஓட்டிட்டுப் போயி தோட்டத்த ஒரு சுத்துச் சுத்திட்டு வந்து அதே எடத்துல நிப்பாட்டிருவாக. மாப்பிள்ளை முழிக்கங்குள்ள சத்தம் போடாமத் தள்ளுங்கன்னு டீ வேற வாங்கிக் குடுத்தாக."

மாமனாரைப் பார்த்தேன். அவர் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் ஜில்லென்று இருக்கவேண்டும், யாரும் தொடக்கூடாது. இதுதான் சோதனை. மூன்று நாளும் நான் சுடச்சுட இருந்த எஞ்சினில் சாவியைத் திருப்பிவிட்டு, மெக்கானிக்குக்குப் போன் போட்டுப் பெருமை பேசியிருக்கிறேன்! சண்டை போட நேரமில்லை. மாமனார், மாமியார், பூங்கொடி, பெண்கள் எல்லோரும் பின்னால் கை வைத்தார்கள். முதல் தடவை திணறி நின்றது. அம்மன் கோயில் இறக்கத்தில் இரண்டாவது தடவை உதறிக்கொண்டு பிடித்தது. தெருவே வெள்ளைப் புகை. மாமனாரும் அபிராமியும் ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள். "எங்கயும் அமத்திராதீக!" என்று பேச்சியம்மாள் கத்தியது கேட்டது. மணி ஐந்து ஐம்பது.

உத்தமபாளையம், சின்னமனூர், தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி. இந்தச் சாலையைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. எனக்கு ஞாபகமிருப்பது முன்னால் போன வைக்கோல் லாரிகள் மட்டும். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் அடக்க முடியாமல் கேட்டேன்.

"ஏனுங்க மாமா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

பக்கத்தில் இருந்த மாமனார் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். "எப்படிச் சொல்றது? மருமகன் வண்டி விடியக்காலம் தெருவுல நின்னு இருமிக்கிட்டுக் கெடந்தா ஊருக்குள்ள எனக்குத்தேன் கேவலம். நீங்களும் காலங்காத்தால கஷ்டப்படக் கூடாதுல்ல."

"அது இருமறதைத்தானுங்க நான் பார்க்கோணும்னு இருந்தேன்!"

பின்சீட்டிலிருந்து அபிராமி சொன்னாள்: "நான் மொதல்லயே பஸ்ஸுல போயிக்கிறேன்னேன்."

நான் அடுத்த வைக்கோல் லாரியை முந்தினேன்.

தேர்வு மையத்தின் இரும்புக் கதவில் ஒரு பாதியை ஏற்கெனவே சாத்தியிருந்தார்கள். வண்டி நிற்குமுன் அபிராமி இறங்கி ஓடினாள். காவலாளி கையை நீட்டிச் சீட்டைப் பார்த்தார். உள்ளே விட்டார். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நுழைந்ததும் கதவு மூடியது. தாமதமாக வந்த ஒரு பையனும் அவன் அப்பாவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்கள். என் மாமனார் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். தேர்வு முடியும்வரை காப்பிகூடக் குடிக்க வரவில்லை.

திங்கள் காலை முறையான சோதனை. சாவி என் தலையணைக்கு அடியில். மாமனாரையே புகை பார்க்க நிறுத்தினேன். பாவம், நான் செல்ஃப் அடிக்க அடிக்க அவர் நெளிந்தார். தெருமுனையில் ஏலத்தோட்டத்து ஜீப் வந்து நின்றது. அந்தப் பெண்கள் பழக்கத்தில் வண்டியை நோக்கி வந்தார்கள். "யாரும் தொடக் கூடாது!" என்று மாமனாரே கையைக் குறுக்கே நீட்டி மறித்தார். வெள்ளைப் புகை, சந்தேகமே இல்லாமல். உத்தமபாளையத்திலிருந்து வந்த மெக்கானிக் பிளக்குகளின் இணைப்புத் தகட்டைக் கழற்றினார். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சோதனை விளக்கை ஒவ்வொரு பிளக்கிலும் வைத்துப் பார்த்தார். ஒன்றில்தான் எரிந்தது. மற்ற மூன்றும் எப்போதோ போய்விட்டன. நான்கையும் மாற்றினோம், கூலியோடு 2,800 ரூபாய். செவ்வாய் விடியலில் அரைச் சுற்றில் பிடித்தது. அதைப் பார்த்த பேச்சியம்மாள் கேட்டார்: "அப்ப இனிமே டீ கெடையாதா?" மாமனார் அன்றும் வாங்கிக்கொடுத்தார்.

ஆகவே, நண்பர்களே. குளிரில் மட்டும் வண்டி அடம்பிடித்தால், எஞ்சின் பலமாகச் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். சுற்றினால் பேட்டரிக்காரரிடம் போகாதீர்கள். பிறகு புகை. பனி இல்லாத இடத்தில், வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல் இடைவெளி விடுங்கள். காயில் விளக்கை நம்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், சாவியைத் திருப்புமுன் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ உங்கள்மேல் அன்பாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். மேகமலைக்குப் போவதானால் சின்னமனூரிலேயே டீசல் போட்டு வண்டியையும் ஒருமுறை காட்டிவிடுங்கள், மேலே பழுது பார்க்க ஆள் தேடிச் சலிப்பீர்கள்.

இதை எழுதும்போது சித்திரை வெயில். போன வாரம் தேர்வு முடிவு வந்தது. அபிராமி தேறிவிட்டாள். அடுத்தகட்டத் தேர்வும் மதுரையில்தான். மாப்பிள்ளை பார்க்கும் பேச்சை மாமனார் இப்போது எடுப்பதில்லை. உடனே அவளுக்குப் போன் செய்தேன். வண்டி முழுக்கச் சரியாகிவிட்டது, குளிரும் இல்லை, நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றேன்.

"சரிங்க மாமா, வாங்க" என்றாள். "கம்பம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து விட்டுருங்க. அங்கன இருந்து நான் போயிக்கிறேன்."